அசையாத அம்புக்குறி

"நீ படிச்சது பூராவும் பொஸ்தகத்துல அம்மணி. மெசினு ஒரு பொஸ்தகமும் படிச்சதில்லையே."

பெரியப்பா இதைச் சொன்னபோது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு நீலக் கோடு பாதி தூரம் வந்து நின்றிருந்தது. அது கடைசிவரை போய்ச் சேர்ந்தால் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

"போயிட்டிருக்குதுங்க பெரியப்பா" என்றேன்.

அவர் அம்மா கொடுத்த டீயைக் குடித்தார். முறுக்கு சாப்பிட்டார். மதுக்கரையில் பெய்த மழை போத்தனூரில் ஏன் பெய்யவில்லை என்று அப்பாவோடு பேசி முடித்தார். திரும்பிப் பார்த்தார். கோடு அங்கேயே இருந்தது.

"நல்லாப் போகுது" என்று சொல்லிவிட்டு எழுந்து செருப்பை மாட்டினார்.

எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் வெடுக்கென்று பேசிவிடுவதில்லை. பெரியவர்களைக் குத்தினால் 'ங்க' போட்டுக் குத்துவார்கள். சின்னவர்களை 'அம்மணி' போட்டு. குத்து வாங்கியது வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவும்போதுதான் தெரியும். எனக்கு அவர் வண்டி தெருமுனை திரும்பும்போதே தெரிந்துவிட்டது. படித்தவள் என்பதால் இருக்கலாம்.

கூட்டி வைத்த அறை

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக: எங்கள் வீடு மதுக்கரையில். முன்பக்கம் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு லேத். அப்பா பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறார். கடைந்து வந்ததில் பிசிறு எடுப்பது அம்மா. இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தைப் பார்த்தது ஓட்டுப் போடப் போனபோதுதான். எங்கள் இரண்டு பக்கச் சொந்தத்திலும் கல்லூரிவரை போய்ப் பட்டத்தோடு திரும்பியவள் நான் ஒருத்தி. இதை நான் அடிக்கடி சொல்கிறேன் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். இன்னும் சொல்வேன்.

பட்டம் வாங்கிய பிறகு ஒரு கம்பெனியில் பேசியிருந்தேன். மற்ற கம்பெனிகளின் சர்வர்களைப் பராமரிப்பது அவர்கள் தொழில். பயிற்சிக்கு எடுக்க ஒரே நிபந்தனை வைத்தார்கள். சொந்தக் கம்ப்யூட்டரில் நீங்களே லினக்ஸ் போட வேண்டும், அவர்கள் கொடுக்கும் சின்ன வேலை ஒன்றை அதில் ஓடவிட வேண்டும், ஞாயிறு முழுக்க அது நிற்காமல் ஓட வேண்டும். திங்கள் காலையில் அவர்கள் அங்கிருந்தபடியே உள்ளே வந்து பார்ப்பார்கள். இடையில் நின்றிருந்தால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு.

இதை அம்மாவுக்கு விளக்கினேன். ஆபீஸிலிருந்தே நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வந்து பார்ப்பார்கள் என்றேன்.

அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார். "அப்ப ரூமக் கூட்டி வெக்கோணும்" என்றார். வைத்தும்விட்டார்.

பெரியப்பா அன்று வந்தது டீ குடிக்க மட்டுமல்ல. உக்கடத்தில் அவருக்குத் தெரிந்த, ஆணி, பூட்டு விற்கும் ஒரு ஹார்டுவேர் கடையில் எனக்கு பில் போடும் வேலை சொல்லி வைத்திருந்தார். ஏசி உள்ள கடை. பஸ் ஏறினால் வாசலில் இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் வருகிறாளா இல்லையா என்று சொல்ல வேண்டும். அந்த வேலையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அதிலும் கம்ப்யூட்டர் உண்டு. காலையில் போட்டுவிட்டு ராத்திரி அணைக்க வேண்டும். அவ்வளவுதான்.

கையைக் கட்டிக்கொண்டு படித்தது

போன வாரம் எங்கள் கல்லூரி லேப் பற்றி எழுதியிருந்தேன். ஒரு தோழி போனில் கேட்டாள், கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறந்து காட்டவே மாட்டார்களா என்று. மாட்டார்கள்.

கம்ப்யூட்டர் ஏதாவது நின்றால் லேப் உதவியாளர் வருவார். ஸ்க்ரூடிரைவரை எடுத்து எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். நாங்கள் பின்னால் கையைக் கட்டி நிற்க வேண்டும். கிட்டே போனால் ஷாக் அடிக்கும் என்பார். அடித்த மாதிரி அவரைப் பார்த்தால் தெரியாது. வேலை முடிந்ததும் மூடிவிட்டு "ஆச்சு" என்பார். என்ன ஆச்சு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கம்ப்யூட்டரின் நினைவகமான ரேம் எப்படி இருக்கும் என்று படம் வரைந்து, பாகம் குறித்து, முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். என் வாழ்க்கையில் ஒரு ரேமைக் கையில் தொட்டதில்லை.

அதனால்தான் பெரியப்பா சொன்னது உறைத்தது. பொய் என்றால் மறுத்திருப்பேன்.

நின்ற இடங்கள்

கம்ப்யூட்டர் நின்றுபோனது என்றால் எப்படி நிற்கும் என்று சொல்லிவிடுகிறேன். சத்தம் வராது. புகை வராது. திரையும் அணையாது. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி அசையாது. கீபோர்டில் கேப்ஸ் லாக் பட்டனை அமுக்கினால் அதன் மேலுள்ள சின்ன விளக்கு எரிய வேண்டும். எரியாது. அந்த விளக்கும் எரியவில்லை என்றால் உள்ளே யாரும் இல்லை என்று பொருள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

முதல் தடவை கோடு பாதியில் நின்றது. இரண்டாவது தடவை பாதிக்கும் முன்னால். அடுத்த தடவை மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பக்கத்திலேயே. நான் தமிழைத் தேர்ந்தெடுத்ததால் நின்றதோ என்று நினைத்து, ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதிலும் நின்றது. அந்த விஷயத்தில் கம்ப்யூட்டர் பாரபட்சம் பார்க்கவில்லை.

லினக்ஸைப் பதிந்து வைத்திருந்த பென்டிரைவ் கெட்டிருக்கலாம் என்று வேறொன்றை வாங்கி, தோழி வீட்டில் போய் மறுபடி லினக்ஸைப் பதிந்து வந்தேன். நின்றது. பென்டிரைவைப் பின்பக்கத் துளையில் மாற்றிச் செருகினேன். நின்றது.

கம்ப்யூட்டர் பழையது. மூடிவிட்ட ஒரு ஆபீஸின் சாமான்களை மொத்தமாக எடுத்து விற்கும் நஸீர் பாயிடம் வாங்கியது. கோட்டைமேட்டில் கடை. அவருக்குப் போன் போட்டேன். கொஞ்சம் சூடாகத்தான் பேசினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். நான் கொடுக்கும்போது நாள் பூரா ஓட்டிப் பாத்துத்தானுங்க கொடுத்தேன் என்றார். கொண்டு வாங்க, வேற தாரேன் என்றும் சொன்னார். ஆனால் ஊரில் இல்லை, புதன்கிழமைதான் கடை திறப்பாராம். கடைசியாக ஒன்று கேட்டார்.

"உள்ள யாராச்சும் கை வெச்சீங்களா அம்மணி?"

"எங்கூட்டுல யாரும் அதெல்லாம் தொடமாட்டாங்க பாய்" என்றேன். கேட்டதே எனக்குக் கௌரவக் குறைவாக இருந்தது.

பிறகு இணையத்தில் தேடினேன். உலகம் முழுக்க ஆட்கள் இதே மாதிரி நின்றுபோன திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. கொஞ்சம் ஆறுதல். பெரும்பாலும் திரைக்குப் படம் அனுப்பும் பகுதியோடு லினக்ஸுக்கு ஒத்துப்போகாமல்தான் இப்படி நிற்கும், ஆரம்பிக்கும்போதே அந்தச் சண்டைக்குப் போகாதே என்று ஒரு சொல்லைச் சேர்த்துக் கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

சேர்த்தேன். கோடு பாதியைத் தாண்டியது. முக்காலைத் தாண்டியது. கடைசிவரை போய்ச் சேர்ந்தது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். "அழகா இருக்குது கண்ணு" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்புக்குறி நின்றது.

"இப்ப என்ன பண்ணுது?" என்று கேட்டார்.

"நிக்குதுங்கம்மா."

"செரி, சித்தெ நிக்கட்டும். இத்தன தூரம் வந்துருக்குதல்ல."

லேத்தை நிறுத்திய பகல்

மதுக்கரைக்காரர்கள் எதற்கும் முதலில் தூசியைச் சொல்வோம். இருமலுக்குத் தூசி. டிவி தெளியாவிட்டால் தூசி. கல்யாணம் தள்ளிப்போனால்கூடத் தூசி என்று சொல்லத் தயங்காத ஊர். சிமெண்டு ஊரில் இருப்பதால் அந்த உரிமை உண்டு.

அம்மா தூசிக்குப் பயந்து கம்ப்யூட்டரை ஒரு சென்னிமலை பெட்ஷீட்டால் போர்த்தி வைத்திருந்தார். ஓடும்போது திரைக்கு மட்டும் விலக்கிக்கொள்வது வழக்கம். சூடேறி நிற்கிறதோ என்று பெட்ஷீட்டை முழுதாக எடுத்துவிட்டு மேசை ஃபேனைத் திருப்பி வைத்தேன். காற்றோட்டமாக நின்றது.

அடுத்த சந்தேகம் கரண்ட். லேத் கிளம்பும்போது எங்கள் வீட்டில் பல்பு ஒரு நொடி மங்கும். பிறந்ததிலிருந்து பார்ப்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. அந்த ஒரு நொடியில் கம்ப்யூட்டர் மயங்கினால்?

அப்பாவிடம் கேட்டேன். சனிக்கிழமை காலையில் அவர் கொடுக்க வேண்டிய ஷாஃப்டுகள் பாதிதான் ஆகியிருந்தன.

"எவ்வளவு நேரத்துக்கு நிறுத்தோணும்?"

"மத்தியானம் வரைக்குமுங்கப்பா."

அவர் லேத்தின் மெயின் சுவிட்சை இறக்கினார். கம்பெனிக்கு போன் செய்து, சாயங்காலம் ஆகும் என்றார். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "புள்ளைக்கு ஒரு வேல இருக்குதுங்க" என்றார். பிறகு கொட்டகையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, சுற்றாத லேத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துகொண்டார். பகலில் அப்பா சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். உட்காரத் தெரியாதவர் மாதிரி இருந்தார்.

லேத் ஓடாமலே கம்ப்யூட்டர் நின்றது.

போய்ச் சொன்னேன். லேத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். "வேற ஏதாச்சும் நிறுத்தோணுமா?" என்று கேட்டார். ஃபிரிட்ஜ் ஒன்றுதான் பாக்கி. வேண்டாம் என்றேன்.

மறுநாள் ஞாயிறு. திரும்பி வந்து உட்கார்ந்தபோது மனதுக்குள் உக்கடம் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று ஓடியது. அதுவே என்னைக் கோபப்படுத்தியது. கோபத்தில்தான் ஒன்று உறைத்தது. மென்பொருளில் தப்பு என்றால் நிற்கிற இடத்திலேயே திரும்பத் திரும்ப நிற்கும். இது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது. நான் தெரிந்த இடத்திலேயே தேடிக்கொண்டிருந்தேன், தெரிந்த இடம் என்பதால்.

அப்படிக் கண்ட இடத்தில் நிறுத்துவது பெரும்பாலும் ரேம்தான். அதைச் சோதிக்க என்றே ஒரு நிரல் உண்டு. பென்டிரைவிலிருந்து ஓட்டலாம். ஓட்டினேன். சற்று நேரத்தில் திரை முழுக்கச் சிவப்பில் பிழை வரிகள். அது நிற்கவே இல்லை. அன்றைக்கு அந்தக் கம்ப்யூட்டர் நிற்காமல் செய்த ஒரே வேலை அதுதான்.

தங்கமாட்ட மின்னின இடம்

கரண்டைப் பிடுங்கினேன். அப்பாவின் பெட்டியில் ஸ்க்ரூடிரைவர் எடுத்தேன். பக்கத்துத் தகடு கழன்று வந்தது. ஷாக் அடிக்கவில்லை.

உள்ளே சந்தன வாசனை வந்தது.

ஆயுத பூஜையைப் பற்றி இங்கே சொல்லாமல் முடியாது. எங்கள் மாதிரி லேத் வைத்திருப்பவர்களுக்குப் பொங்கல், தீபாவளி எல்லாம் அதற்கு அப்புறம்தான். முதல் நாளே வேலையை நிறுத்திவிடுவோம். மண்ணெண்ணெய் போட்டு லேத்தைப் பாகம் பாகமாகத் துடைப்பார் அப்பா. கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றித்தான் துடைப்பார். மேலோடு துடைத்தால் பூசை ஆகாது. பிறகு ஒவ்வொன்றிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஸ்பேனருக்கு, ஸ்கேலுக்கு, அம்மாவின் அரத்துக்கு, தராசுக்கு, தண்ணி மோட்டாருக்கு. பொரி, கடலை, வாழைக்கன்று. வாசலில் பூசணிக்காய் உடைத்தால் அந்தத் துண்டில் வழுக்கி யாராவது ஒருவர் விழுவார். பெரும்பாலும் நஷ்டம் வராது.

நஸீர் பாய் கம்ப்யூட்டரைக் கொடுத்தது இந்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மறுநாள் காலை நானும் அம்மாவும் சத்தியமங்கலத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டோம். மத்தியானம் திரும்பி வந்தபோது, லேத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலில் கம்ப்யூட்டர் இருந்தது. நெற்றியில் வைத்த மாதிரி முன்பக்கத்தில் அழகான ஒரு பொட்டு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போட்டோ எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு கம்பெனியிலிருந்து அழைப்பு வரும்வரை அதைப் போட்டுப் பார்க்க வேண்டிய வேலை இருக்கவில்லை. ஹார்டு டிஸ்கில் ஒன்றும் இல்லாத வெறும் கம்ப்யூட்டர்.

இப்போது உள்ளே பார்த்தால் விசிறியின் நடுவில் ஒரு பொட்டு. ஹார்டு டிஸ்கின் மேல் ஒன்று. பவர் பெட்டிக்கு ஒன்று. எல்லாம் ஒரே அளவு, நடு மையத்தில். இரண்டு ரேம் பட்டைகளில் ஒன்றைக் கழற்றினேன். அதன் அடியில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள் இருக்கும். நான் படத்தில் மஞ்சள் கலர் பென்சிலால் தீட்டியிருந்த இடம். அந்தப் பற்களின் மேல் சந்தனம் காய்ந்து ஓடாகியிருந்தது. இரண்டாவதிலும் அப்படியே.

பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

"ஏனுங்கப்பா, கம்ப்யூட்டர நீங்க தொறந்தீங்களா?"

"இல்லையே."

"உள்ள பொட்டு இருக்குதுங்க."

"ஆமா. பூசைக்குத் தொடச்சேன்." என் முகத்தைப் பார்த்தார். "தொடைக்கோணும்னா கழட்டித்தான ஆகோணும் கண்ணு?"

இவ்வளவு நாளும் நான் நஸீர் பாயோடு சண்டை போட்டதையும், பெட்ஷீட்டை உருவியதையும், லேத்தை நிறுத்தியதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைத்தார் என்று சொல்ல முடியாது. பூசையை அவர் கை வைத்த கணக்கில் சேர்க்கவில்லை. என்னைக் கேட்டிருந்தால் நானும் சேர்த்திருக்க மாட்டேன்.

"வேல செய்யற எடத்துலதான பொட்டு வெக்கோணும்? வெளிய தகரத்துல மட்டும் வெச்சா என்ன இருக்குது. இது தங்கமாட்ட மின்னுச்சு. இதுதான் முக்கியமான சாமானாட்ட இருக்குதுன்னு..."

அவர் ஊகம் சரி. அதுதான் முக்கியமான சாமான்.

"கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். குரல் இறங்கிவிட்டது.

"இல்லீங்கப்பா. தொடச்சா ஆயிருமுங்க."

"திங்கக்கெழமைக்குள்ள?"

ஆயிரும் என்றேன். எனக்குத் தெரியாது. அவர் லேத்தைப் போடாமல் நின்றுகொண்டே இருந்தார். நான் உள்ளே வந்த பிறகும் மோட்டார் சத்தம் வரவில்லை.

பென்சில் அழிக்கும் ரப்பரால் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். மருந்துக் கடை ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். பட்டை உட்காரும் பள்ளத்தைப் பல் துலக்கும் புது பிரஷால் சுரண்டினேன். பொடி பொடியாகக் குங்குமம் வந்தது. விசிறியிலும் ஹார்டு டிஸ்கிலும் இருந்த பொட்டுகளை விட்டுவிட்டேன். அவை யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

மூடிப் போட்டு ரேம் சோதனையை மறுபடி ஓட்டினேன். ஒரு சிவப்பு வரியும் இல்லை. இருந்தாலும் ஹார்டு டிஸ்கில் ஏற்கெனவே பதிந்ததை நம்பாமல் லினக்ஸை முதலிலிருந்து போட்டேன், இணையத்தில் படித்த அந்தக் கூடுதல் சொல் இல்லாமலே. அன்றைக்கு அது வேலை செய்தது வெறும் தற்செயல். கோடு ஒரே சீராகப் போய் முடிந்தது. கம்பெனி கொடுத்த வேலையை அதில் ஏற்றி ஓடவிட்டேன். கொட்டகைப் பக்கம் போய், "போயிட்டிருக்குதுங்கப்பா" என்றேன். அப்புறம்தான் லேத் கிளம்பியது. பல்பு ஒரு நொடி மங்கியது. அம்புக்குறி அசைந்தது.

ஞாயிற்றுக்கிழமை டீ

ஞாயிறு பத்து மணி வாக்கில் பெரியப்பா வந்தார், கடைக்காரருக்குப் பதில் கேட்டுக்கொண்டு போக.

பெரியப்பாவிடம் அப்பாவைப் பற்றி ஒரு கதை உண்டு. அப்பா இளவட்டமாக இருந்தபோது போர்டு படிக்கத் தெரியாமல் பாலக்காட்டு பஸ்ஸில் ஏறி வாளையார் வரைக்கும் போய்விட்டார். இதை எல்லாக் கல்யாணத்திலும், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் பெரியப்பா சொல்வார். பஸ் ஒவ்வொரு வருஷமும் இன்னும் கொஞ்ச தூரம் போகும். போன வைகாசியில் திருச்சூரைத் தொட்டுவிட்டது. அப்பாவும் எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பார். சிரித்து முடித்ததும் எழுந்து வண்டியைத் துடைக்கப் போய்விடுவார்.

அந்தக் கதைக்குப் பக்கத்தில் சந்தனக் கதையும் போய்ச் சேர வேண்டாம் என்று நான் முடிவு செய்திருந்தேன். பெரியப்பா கேட்டால் தூசி என்று சொல்லிவிடுவது. மதுக்கரையில் அதை யார் மறுக்கப்போகிறார்கள்?

கேட்டார். "என்ன அம்மணி, ஓடுதாட்டிருக்குது. என்னதான் கோளாறு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார். "நாந்தானுங்ண்ணா. பூசையன்னைக்கு உள்ளுக்குள்ள பொட்டு வெச்சுப்போட்டேன். புள்ள கண்டுபுடிச்சு எடுத்துப்போட்டா."

நான் தரையைப் பார்த்தேன். சிரிப்புச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

"எந்த எடத்துல வெச்ச?" என்றார் பெரியப்பா.

"மின்னற எடத்துலீங்."

பெரியப்பா தலையை ஆட்டினார். டீயைக் கடைசிவரை குடித்தார். பிறகு கடைக்காரருக்கு என்ன சொல்வது என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலைக்கு இன்னும் நேரம் கிடந்தது. அதற்குள் அது இன்னொரு தடவை நின்றால் எனக்கு உக்கடமும் இல்லை, இதுவும் இல்லை. அம்மா கதவோரம் நின்று என்னைப் பார்த்தார். அப்பா பார்க்கவில்லை.

"வேற ஆளப் பாத்துக்கச் சொல்லீருங்க பெரியப்பா" என்றேன்.

"ரோசனை பண்ணித்தான் சொல்றியா?"

"ஆமாங்க."

அவர் கிளம்பினார். வழியனுப்ப கேட் வரைக்கும் போனேன். பெரியப்பா போத்தனூரில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர். வண்டியில் உட்கார்ந்தவர் சாவியைப் போடாமல், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த எலக்ட்ரானிக் தராசுக்கு உள்ள சந்தனம் போனா ஏதாச்சும் ஆகுமா கண்ணு? பூசையில இருந்து தாறுமாறாக் காட்டுது."

"தொறந்து பாத்தாத்தானுங்க தெரியும்."

"ம். யாருகிட்டயும் சொல்லீராத."

அவரைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். இப்போது அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். வாளையார் பஸ்ஸும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் வெற்றிலை நேரத்தில் அது ஓடி முடித்ததும், அப்பா மெதுவாக, "தராசு எப்படீங்ண்ணா இருக்குது?" என்று கேட்கிறார்.

அங்கிருந்து பார்த்தவர்கள்

திங்கட்கிழமை காலை அம்மா அறையை மறுபடி கூட்டினார். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சொன்ன நேரத்துக்கு யாரோ உள்ளே வந்ததற்கான வரி ஒன்று திரையில் தெரிந்தது. அவர்கள் எங்கே போகிறார்கள், எதைத் திறந்து பார்க்கிறார்கள் என்று வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். விருந்தாளி வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது பின்னாலேயே போகிற மாதிரி.

பிறகு போன் வந்தது. பயிற்சிப் பிரிவின் மேடம். என்ன கோளாறு, எப்படிச் சரியானது என்று நான் அனுப்பியிருந்த குறிப்பைப் படித்திருந்தார். அதில் 'ரேமின் முனைகளில் அயற்பொருள்' என்று எழுதியிருந்தேன்.

"என்ன பொருள்?"

"சந்தனமுங்க மேடம். கொஞ்சம் குங்குமமும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. கேப்ஸ் லாக் அமுக்கிப் பார்க்கலாம் போல இருந்தது. பிறகு அவர் எந்த வரிசையில் தேடினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் நின்றதே, அப்போதே ரேமைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா என்றார். வேண்டும் என்றேன். ஏன் படவில்லை என்றார். அதுவரை கேபினெட்டைத் திறந்ததில்லை, திறக்காத இடத்தில் தப்பு இருக்கும் என்று தோன்றவில்லை என்றேன்.

என்னைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். அதையும் தப்பு சொன்ன அதே குரலில் சொன்னதால் எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

அப்புறம் ஒரு விஷயம் என்றார். பயிற்சியில் இரண்டு பக்கம் உண்டு. ஒன்று, வீட்டிலிருந்தே திரையைப் பார்த்துச் செய்வது. இன்னொன்று மெஷின் ரூம். நேரில் போய், சர்வர்களைக் கழற்றி மாட்டுவது. தூக்குகிற வேலை, ஷிப்ட் வேலை. அந்தப் பக்கம் இதுவரை பெண்கள் யாரும் கேட்டதில்லை.

"வீட்ல கேட்டுட்டு நாளைக்கு மெயில்ல சொல்லுங்க. அவசரமில்ல" என்றார்.

வெளியே லேத் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா வாசலில் உட்கார்ந்து பிசிறு எடுத்துக்கொண்டிருந்தார். மெயிலைத் திறந்து 'மெஷின் ரூம்' என்று எழுதி, அனுப்பினேன். பிறகு, வீட்டில் கேட்பதற்காக எழுந்து வெளியே போனேன்.